ரெண்டு ப்ளைவுட், ஆறு கால்: கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்கு ஒரு குட்டி வீடு கட்டுவது எப்படி?

விடுமுறை விட்டால் போதும், கட்டிலுக்கு அடியில், சோபாவுக்குப் பின்னால், மேஜையின் மீது போர்வையைப் போட்டு அதற்குள்ளே என்று பிள்ளைகள் தங்களுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்வார்கள். இது ஒன்றும் புதிய பழக்கமில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்றே ஒரு பருவம் இருக்கிறது. சிறுமியர் மணலில் கட்டிய சின்னஞ்சிறு வீட்டைக் கலைக்க வரும் பாட்டுடைத் தலைவனிடம் ‘கலைக்காதே’ என்று கேட்பதுதான் அந்தப் பருவம். மணல் போய் போர்வை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்து, சனி ஞாயிறு கையில் இருந்தால், அந்தப் போர்வை வீட்டை நிஜ வீடாக்கிவிடலாம். தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேராக அறுக்கவும், அளந்து கோடு போடவும், ஸ்க்ரூ முடுக்கவும் தெரிந்தால் போதும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வீடியோக்களை அப்படியே பின்பற்றினால் இரண்டே வருடத்தில் கரையான் கையில் வீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அவை வேறு வெயிலுக்கும் வேறு மழைக்கும் கட்டப்பட்டவை. நம் ஊரில் குட்டி வீட்டின் வடிவத்தை முடிவு செய்வது மண், கூரை, இடைவெளி ஆகிய மூன்றும்தான். அலங்காரத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடம்: எந்த மரத்தடி?

நிழல் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நிற்கும் குட்டி வீடு பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சமம். பிள்ளைகள் ஐந்து மணிக்கு முன்னால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அதனால் மரத்தடிதான் சரி. ஆனால் எந்த மரம் என்பதில் கவனம் வேண்டும்.

தென்னைக்கு அடியில் கூடவே கூடாது. காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டை விழுந்தாலும் ஒரு குழந்தையின் தலைக்கு அது பெரிய அடி. முருங்கை வேண்டாம்: கிளை எளிதில் முறியும், பருவத்துக்குக் கம்பளிப்பூச்சி மொய்க்கும். மாமரம் நல்ல நிழல்தான், ஆனால் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேம்பும் புங்கனும்தான் இதற்கென்றே வளர்ந்தவை போன்றவை. மரம் இல்லையென்றால் வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிய பக்கம் மதியத்துக்கு மேல் நிழலாக இருக்கும். அங்கே கட்டலாம்.

செப்டிக் டேங்க் மூடி, சம்ப், கிணறு, மின்கம்பி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது காம்பவுண்டு சுவரைப் பற்றி. சுவரை ஒட்டிக் கட்டினால் இடம் மிச்சம் என்று தோன்றும். ஆறு வயதுப் பையனுக்கோ அது ஏணி. சுவர் மேல் ஏறி, கூரை மேல் கால் வைத்து, அந்தப் பக்கம் குதிக்க வழி கிடைத்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரு ஆள் சுற்றிவர இடம் விடுங்கள். பிறகு கரையான் பார்க்கவும் அந்த இடம் வேண்டும்.

சமையலறை ஜன்னலிலிருந்தோ பின்வாசலிலிருந்தோ பார்த்தால் குட்டி வீட்டின் வாசல் தெரிய வேண்டும். முதுகைக் காட்டி நிற்கும் வீடு பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம். பெரியவர்களுக்கு நிம்மதி தராது.

மரக்கடையில் என்ன கேட்பது?

முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். மரக்கடைக்காரரிடம் “குழந்தைக்கு வீடு செய்யணும்” என்று ஆரம்பித்தால் அவர் தேக்கிலிருந்து தொடங்குவார். “அண்ணே, வெளியில மழையில நிக்கிற சாமான். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ரெண்டு ஷீட், 12 எம்.எம்.” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் உடனே சொல்வார்: “அப்போ எம்.ஆர். வேணாம் தம்பி, ஊறிடும்.”

அவர் சொல்வது சரி. எம்.ஆர். என்பது ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் ப்ளைவுட். வீட்டுக்குள் அலமாரிக்கு ஆகும், மழைக்கு ஆகாது. குறைந்தது பி.டபிள்யூ.ஆர். தரம் வேண்டும் (ஐ.எஸ். 303 முத்திரையில் தரத்தின் பெயரும் இருக்கும்). கையில் காசு இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட். இந்த வேலையில் ப்ளைவுட்தான் பெரிய செலவு, அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் ஐப்பசி மழையில் பலகை அப்பளம்போல உப்பிவிடும். எந்த ப்ளைவுட் ஆனாலும் தண்ணீர் நுழைவது முகத்தின் வழியாக அல்ல, அறுத்த ஓரத்தின் வழியாக. அறுத்த ஓரங்களுக்கு ப்ரைமர் இரண்டு கை பூசாமல் பொருத்த வேண்டாம்.

அடுத்து சட்டங்கள். தரைக்கு 3-க்கு 2 அங்குலக் கட்டை, கால்களுக்கும் மேல்சட்டத்துக்கும் 2-க்கு 2, பக்கச் சுவருக்கு 2 அங்குல அகல ரீப்பர். நாட்டு மரம் என்றால் வேம்பு நல்லது. மலிவாக முடிக்க நினைப்பவர்கள் கால்களுக்குச் சவுக்குக் கம்பு வாங்கலாம். பந்தலுக்கும் சாரத்துக்கும் போடுகிற அதே சவுக்குதான், பட்டையை முழுக்கச் சீவிவிட வேண்டும். உருண்டைக் கம்பில் ப்ளைவுட் ஒட்டி உட்காராது என்பதுதான் அதில் உள்ள தொல்லை.

பேக்கிங் பேலட்களை உடைத்துச் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். செய்யலாம், முத்திரையைப் பார்த்துவிட்டு. ஏற்றுமதி பேலட்களில் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். டேப், பென்சில், மூலைமட்டம், ரசமட்டம், ரம்பம், டிரில்லிங் மெஷின், உப்புத்தாள். ப்ளைவுட்டைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையால் எட்டடி நீளம் நேராக அறுப்பது அனுபவமில்லாதவர்களுக்கு ஆகாத காரியம்.

அளவு: 6-க்கு 4

இரண்டு ஷீட்டில் ஒரு துண்டுகூட வீணாகாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஷீட்டிலும் 6 அடிக்கு 4 அடியை வெட்டுங்கள். ஒன்று தரை, ஒன்று பின்சுவர். இரண்டிலும் 2 அடிக்கு 4 அடி மிஞ்சும். மிஞ்சிய ஒரு துண்டைப் படுக்கவைத்தால் 4 அடி அகலம், 2 அடி உயரம்: அது முன்சுவரின் கீழ்ப்பாதி. ஆறடி முகப்பில் மீதி இரண்டடிதான் வாசல். இன்னொரு துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஒன்று முன்சுவரின் மேல் வைக்கும் கல்லாப் பலகை. மற்றதை ஓரடிச் சதுரம் நான்காக வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை அறுத்தால் எட்டு முக்கோணம். அந்த எட்டும் எதற்கு என்பது பின்னால் வரும்.

கல்லாப் பலகை தேவையா? தேவை. பிள்ளைகள் எந்த வீட்டையும் அரை மணி நேரத்தில் கடையாக்கிவிடுவார்கள். புளியங்கொட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் வியாபாரம் நடக்க ஒரு பலகை இருந்தால் வீட்டுக்கு உயிர் வந்துவிடும்.

உயரம் முன்னால் 4 அடி 9 அங்குலம், பின்னால் 4 அடி. மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை இது தாங்கும். பெரியவர்கள் குனிந்து நுழைய முடிய வேண்டும், நிமிர்ந்து நிற்க முடியக் கூடாது. இரண்டாவது நிபந்தனை பிள்ளைகளின் பக்கத்திலிருந்து வைப்பது. மாடி, ஏணி, சறுக்கு எல்லாம் முதல் வீட்டில் வேண்டவே வேண்டாம். தரையோடு நிற்கும் வீட்டிலிருந்து யாரும் கீழே விழுவதில்லை.

மண்ணைத் தொடக் கூடாது

நம் ஊர் மரவேலையின் முதல் விதி இது. கம்பை மண்ணில் நட்டால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. கிராமங்களில் கம்பின் அடியில் தாரோ பழைய எஞ்சின் ஆயிலோ பூசி நடுவது வழக்கம். வேலிக்கு அது சரி. பழைய எஞ்சின் ஆயிலில் நச்சு உலோகங்கள் கலந்திருக்கும். பிள்ளைகள் கட்டிப்பிடித்து, அதே கையால் முறுக்கு தின்னும் இடத்தில் அது கூடாது. அமெரிக்காவிலேயே ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தை வீட்டு உபயோகத்துக்குத் தயாரிப்பதை 2003 கடைசியோடு உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அங்கே விளையாட்டுச் சாமான்களும் அந்த மரத்தில்தான் செய்யப்பட்டு வந்தன.

எனவே தூக்கி வையுங்கள். மண்ணைச் செதுக்கி, புல்லை எடுத்து, ஜல்லி பரப்பி மட்டம் செய்த இடத்தில் நாலு அங்குல சாலிட் பிளாக் ஆறு: நான்கு மூலைக்கு நான்கு, நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டு. ஆறும் ஒரே மட்டமா என்று நேரான ஒரு கட்டையை மேலே வைத்து ரசமட்டத்தில் பாருங்கள். இந்த ஒரு வேலைக்குக் காலை முழுக்கப் போனாலும் கவலைப்பட வேண்டாம். இங்கே அரை அங்குலம் தவறினால் கூரை வரை அது கூடவே வரும்.

பிளாக் மீது தரைச்சட்டம். 3-க்கு 2 கட்டையில் ஆறடி இரண்டு, இடையில் குறுக்குக் கட்டை நான்கு. குறுக்குக் கட்டையை நாலடி என்று வெட்டிவிடாதீர்கள். இருபுறமும் நிற்கும் நீளக் கட்டைகளின் தடிமன் இரண்டிரண்டு அங்குலம் சேர்ந்து சட்டம் 4 அடி 4 அங்குலமாகிவிடும், மேலே போடும் ப்ளைவுட் எட்டாது. 3 அடி 8 அங்குலம்தான் சரியான அளவு. வெட்டுவதற்கு முன் கட்டைகளின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். கடையில் ‘ரெண்டு அங்குலம்’ என்பது இழைத்த பிறகு ஒன்றே முக்காலாக இருப்பது சகஜம்.

சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்தால் போதும். இரண்டு குறுக்களவும் 7 அடி 2½ அங்குலம் இருந்தால் மூலைகள் நேர். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், கூடியிருக்கும் மூலையில் லேசாகத் தட்டுங்கள்.

ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். கட்டைக்குக் கட்டை 3 அங்குலம், ப்ளைவுட்டுக்கு ஒன்றரை அங்குலம். ஒவ்வொன்றுக்கும் முதலில் மெல்லிய துளை போட்டுவிட வேண்டும். நாட்டு மரம் துளை போடாமல் முடுக்கினால் ஓரத்தில் பிளந்துகொள்ளும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் வேஸ்ட் கட்டையில் பத்து ஸ்க்ரூ முடுக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். கடற்கரை ஊர்களில் சாதா ஸ்க்ரூ உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சுவர்: மூன்றரை அங்குலக் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் வேகமாக ஸ்க்ரோல் செய்துவிட வேண்டாம்.

சின்னக் குழந்தைகளின் தலை உடம்பைவிடப் பெரியது. ஒரு சந்தில் காலை விட்டு, இடுப்பையும் மார்பையும் நுழைத்து, கடைசியில் கழுத்தோடு மாட்டிக்கொண்டு தொங்கும் விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. விளையாட்டுத் திடல்களுக்காக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டிருக்கும் கையேடு ஒரு எளிய விதியைச் சொல்கிறது: நாற்புறமும் மூடிய எந்த இடைவெளியும் 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் நடுவில் இருக்கக் கூடாது. ஒன்று, உடம்பே நுழையாத அளவு சின்னது. இல்லையென்றால், தலையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் அளவு பெரியது. நடுவில் உள்ள அளவுதான் பொறி. டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டு மாடிப்படிக் கைப்பிடியையும் பால்கனிக் கம்பியையும் ஒருமுறை அளந்து பார்ப்பதும் தவறில்லை.

குட்டி வீட்டின் பின்சுவர் முழுப் பலகை, பிரச்சினை இல்லை. பக்கச் சுவர்கள் இரண்டையும் ரீப்பரில் செய்யலாம். காற்று வரும், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் வெளியிலிருந்து தெரியும். ரீப்பரை நெட்டுவாக்கில்தான் அடிக்க வேண்டும். குறுக்குவாக்கில் அடித்தால் அது சுவராக இருக்காது, கூரைக்குப் போகும் படிக்கட்டு. இரண்டு கால்களுக்கு நடுவே 44 அங்குலம் இருக்கும். பக்கத்துக்குப் பத்து ரீப்பர் போட்டால் ஒவ்வோர் இடைவெளியும் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். விதிக்குள் அடங்கிவிடும்.

சுவர்களைத் தரையில் படுக்கவைத்துச் செய்து, பிறகு நிமிர்த்துவது சுலபம். கால் முன்னால் மூன்று (இரண்டு மூலை, வாசலுக்கு ஒன்று), பின்னால் மூன்று. பக்கச் சட்டத்தின் மேல்கட்டை சரிவாக வரும். அதன் கோணத்தைக் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரு கால்களின் மீதும் கட்டையைச் சரித்து வைத்து, பென்சிலால் கோடு போட்டு, கோட்டில் அறுத்தால் சரியாக உட்காரும். ரீப்பர்களையும் முழு நீளத்தில் அடித்துவிட்டு, மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் கடைசியில் ஒரே கோடாக அறுத்துக்கொள்ளலாம். நிமிர்த்தும்போது மட்டும் இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். “ஏங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க” என்று கூப்பிட யாராவது வீட்டில் இருக்கிற நாளாகப் பாருங்கள்.

இப்போது வீட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் தட்டி மாதிரி சாயும். அந்த எட்டு முக்கோணங்களுக்கு இங்கேதான் வேலை. நாற்கோணம் சாயும், முக்கோணம் சாயாது. பக்கச் சுவருக்கு நான்கு மூலை, இரண்டு சுவருக்கு எட்டு. உள்பக்கமாக வைத்து முடுக்கிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள், அசையாது.

வாசலுக்குக் கதவு வேண்டாம். கதவு இருந்தால் விரல் நசுங்கும். தாழ்ப்பாள் இருந்தால் ஒருநாள் யாராவது யாரையாவது உள்ளே வைத்துச் சாத்துவார்கள். வெயில் நேரத்தில் அப்படிப் பூட்டப்பட்ட குட்டிக் கூடு விளையாட்டாக முடியாது. கதவு இல்லாமல் வீடா என்று பிள்ளைகள் சண்டை பிடித்தால் பழைய சேலைத் துணியில் முழங்கால் வரை தொங்கும் ஒரு திரை, அதுவும் இழுத்தால் கையோடு வந்துவிடும் மாதிரி. கயிறு, ஊஞ்சல், சேலைத் தொட்டில் எதையும் உள்ளே கட்டக் கூடாது.

கூரை: குளிர்ச்சியா, பாதுகாப்பா?

கீற்றுக் கூரைக்கு ஈடான குளிர்ச்சி எதிலும் இல்லை. மலிவு, அழகு, பின்னத் தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளைகளின் வீட்டுக்குக் கீற்று வேண்டாம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் தொடங்கிய தீ அது. காய்ந்த கீற்று எவ்வளவு வேகமாக எரியும், எரிந்துகொண்டே தலைமேல் எப்படி விழும் என்பதைத் தமிழ்நாடு அன்று பார்த்தது. கொல்லைப்புற விளையாட்டு வீடு பள்ளி இல்லைதான். ஆனால் தீபாவளி ராக்கெட்டுக்கும், பக்கத்தில் எரிக்கும் சருகுக்கும், அடுப்பு விளையாட்டுக்கு யாரோ எடுத்துவந்த தீப்பெட்டிக்கும் அது தெரியாது.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டில் கிடக்கிறது என்று எடுத்து வெட்டவும் வேண்டாம். அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது, புற்றுநோய்க்கும் காரணமாகும்.

மிஞ்சுவது தகரம். வெளிர் நிறக் கலர் ஷீட்டைக் கேட்கும் நீளத்துக்குக் கடையிலேயே வெட்டித் தருவார்கள். முன்னும் பின்னும் அரையடி வெளியே நீட்டும்படி வாங்குங்கள். முன், நடு, பின் என மூன்று கட்டைகள் ஆறடி வாக்கில் படுக்க, அவற்றின் மேல் ஷீட். அலை மேட்டில் துளை போட்டு ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூ, அப்போதுதான் ஒழுகாது. தண்ணீர் பின்பக்கம் வழியும், வாசலில் சேறு ஆகாது. பின்பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் சுவர் என்றால் வீட்டையே திருப்பிப் போட்டுவிடுங்கள். ஒரு மழைக்குப் பிறகு வரப்போகும் சண்டை மிச்சம்.

தகரம் சூடாகும், அதை மறைக்க முடியாது. முன்பக்கம் கல்லாவுக்கு மேலே முழுக்கத் திறந்திருப்பதால் சூடான காற்று வெளியேறிவிடும். ஷீட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மூங்கில் பாய் விரித்துவிட்டால் வெக்கை இன்னும் குறையும். மர நிழலும் சேர்ந்தால் மே மாதத்திலும் பத்து மணி வரை ஓடும்.

ஷீட்டின் ஓரம் கத்தி. பின்பக்க ஓரம் தரையிலிருந்து ஏறக்குறைய நாலரை அடியில் வரும், ஓடிப்பிடித்து விளையாடும் பெரிய பிள்ளையின் முகத்துக்கு நேரே. முன்பக்கம் பெரியவர்களின் நெற்றிக்கு நேரே. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கிழித்து, நான்கு ஓரத்திலும் செருகி விட்டால் போதும். செலவில்லாத வேலை, இதை மறந்தால் தையல் போடுகிற வேலை.

காற்று

வர்தா (2016), கஜா (2018) புயல்களைப் பார்த்தவர்களுக்குத் தகரம் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குட்டி வீடு கனமில்லாதது, வெறும் பிளாக் மீது உட்கார்ந்திருக்கிறது. நான்கு மூலையிலும் இரண்டடி ஆழத்துக்கு இரும்பு ஆங்கிள் புதைத்து, கான்கிரீட் போட்டு, தரைச்சட்டத்தோடு போல்ட் செய்யுங்கள். ஆங்கிளின் தலை சட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் கூரை ஷீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். ஸ்க்ரூ போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொட்டை மாடியில் கட்டலாமா என்பது அபார்ட்மென்ட்காரர்களின் கேள்வி. வேண்டாம் என்பதே பதில். காற்று அங்கே இன்னும் பலம், ஆங்கிள் புதைக்க வழியில்லை, தளத்தில் துளை போட்டால் ஒழுகும். எல்லாவற்றையும்விட, கல்லாப் பலகையும் பிளாக்கும் கைப்பிடிச் சுவரில் ஏறப் படியாகிவிடும். மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹாலில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும். அதில் ஜன்னல் வெட்டிக் கொடுத்தால் ஒரு வாரம் வேறு எதையும் கேட்க மாட்டார்கள்.

பெயின்ட் பிள்ளைகள் கையில்

அறுப்பதும் துளைப்பதும் பெரியவர்கள் வேலை. உப்புத்தாள் தேய்ப்பது, அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது, ஸ்க்ரூவை எண்ணிக் கொடுப்பது, கல்லாப் பலகை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று எதிரே நின்று காட்டுவது இவையெல்லாம் பிள்ளைகளுடையது. உப்புத்தாளை நன்றாகவே தேய்க்க விடுங்கள். சிலாம்பு ஏறுவது அவர்கள் கையில்தான். எல்லா மூலையும் ஓரமும் உருண்டையாக வேண்டும், ஸ்க்ரூ முனை எங்கும் மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் டின்னை எடுக்காதீர்கள். இந்தியாவில் வீட்டு பெயின்ட்களில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டின்னில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிள்ளைகள் சுவரைச் சுரண்டுவார்கள், சுரண்டிய விரல் வாய்க்குப் போகும். புதிதாக வாங்கும் டின்னில் ஈய அளவு பற்றிய வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கட்டிய பிறகு

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றி ஒரு நடை. பிளாக்கின் மீது விரல் தடிமனில் மண்கோடு ஏறுகிறதா? அது கரையானின் பாதை. சுரண்டி எடுத்து, மறுநாள் மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். தூக்கி வைத்ததன் லாபம் இதுதான்: கரையான் ஒளிந்து ஏற முடியாது. அடியில் டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். சருகு, உடைந்த பொம்மை, தேங்காய் மட்டை எதையும் அங்கே தள்ளி வைக்காதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கூரைக்கு அடியில் குளவிக் கூடு, செப்புச் சாமானில் தேங்கிய மழைத் தண்ணீர் இரண்டையும் பார்க்க வேண்டும். டெங்கு கொசுவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு தண்ணீர் தாராளம்.

மழைக்காலம் முடிந்ததும் ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கி, ப்ளைவுட் ஓரங்களுக்கு இன்னொரு கை பெயின்ட். பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆகும்போது அவர்களே உள்ளே போவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது ரீப்பர் இடைவெளியில் கம்பி வலை அடித்து, வாசலுக்கு ஒரு கதவு போட்டால் பத்துக் கோழி அடையும். கல்லாப் பலகையை மட்டும் கழற்றிவிட வேண்டும், கோழி அதன்மேல்தான் ஏறி உட்காரும்.